ரஷ்ய மொழிக்கு ஒரு பல்செட்

பல்செட்காரருக்குச் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. இதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். "நான் செஞ்ச பல்லை நானே நம்பலேன்னா வேற எவன் நம்புவான்?" என்று கேட்டுவிட்டு, மேல்வரிசையைக் கழற்றிக் காட்டவும் செய்வார். கல்யாண வீடா, சாவு வீடா, ஓடுகிற பேருந்தா என்றெல்லாம் பார்க்கமாட்டார். அவர் மனைவிக்கு இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்விட்டது. "ஊர்ல எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுவாங்க. இந்த மனுஷன் பல்லெடுத்துக் கும்பிடுறாரு" என்று சொல்லிவிட்டு, தைத்துக்கொண்டிருக்கும் திரைச்சீலையை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வாள்.

அவருக்கு வேலை ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில். முன்னறையில் டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லி அச்சு எடுத்து அனுப்புவார்; பின்னறையில் இவர் அதைப் பல்லாக்குவார். ஒரு கேஸ் அடுப்பு, ஒரு கைகழுவும் தொட்டி, உறுமிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன மோட்டார், ஜன்னல் விளிம்பில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும், அச்சில் வார்த்த வெள்ளை வாய்கள். புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் மிரண்டுதான் போவார்கள்.

தொழிலில் ஒரு முறை உண்டு. பல்லை முதலில் மெழுகில்தான் நடுவார்கள். அதை வாயில் வைத்துப் பேசச் சொல்லிக் கேட்பார்கள். மெழுகாக இருக்கும்வரை எந்தப் பல்லையும் எப்படியும் நகர்த்தலாம். வேகவைத்துக் கெட்டியாக்கிவிட்டால் அப்புறம் போட்டது போட்டதுதான். பேசச் சொல்வதற்கென்று பல்செட்காரர் ஒரு வாக்கியம் வைத்திருந்தார்: 'சீசாவில் சோப்பு, வாசலில் விளக்குமாறு.' காற்று சரியாகப் போகிறதா என்று 'ச' சொல்லிவிடும். மேல்பல் உதட்டைத் தொடுகிறதா என்று 'வ' சொல்லிவிடும். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, சீசாவில் சோப்பு என்று சொல்லித்தான் ஆகவேண்டும். அவர் கையால் செய்த செட் எதுவும் அதுவரை திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிரும் அவருக்குக் கொஞ்சம் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது.

அந்தத் திமிரில் மண் விழுந்த கதைதான் இது.

மருத்துவமனைக்கு ஒரு ரஷ்யக்காரம்மா வந்தார். மகளை இந்த ஊர்க்காரருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, தனியாக இருக்கப் பிடிக்காமல் மகள் வீட்டோடு வந்துவிட்டவர். வந்த கொஞ்ச நாளிலேயே பேருந்துப் படியில் தடுக்கி விழுந்து முன்பல்லெல்லாம் போயிற்று. மிச்சமிருந்த ஆடுகிற பற்களை வேறு எங்கோ பிடுங்கிக்கொண்டு, செட் கட்டிக்கொள்ள இங்கே வந்திருந்தார். நம் பாஷையை அவர் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. மாப்பிள்ளையும் அவர் நண்பர்களும் கூடத்தில் உட்கார்ந்து சீட்டாடும்போது பக்கத்தில் இருந்து கேட்டே பிடித்துக்கொண்டார். அதனால் அவருக்கு உலகத்தில் எல்லோரும் 'டேய் மச்சான்'தான்.

"டேய் மச்சான், எனக்கு நல்ல பல்லு வேணும். சினிமாக்காரி பல்லு மாதிரி" என்று டாக்டரம்மாவிடம் சொன்னார். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணே, இங்க வாங்க, உங்களைத்தான் கேக்கறாங்க" என்று பல்செட்காரரைக் கூப்பிட்டுவிட்டு நழுவிவிட்டார்.

பல்செட்காரர் உயிரைக் கொடுத்துச் செய்தார். ரஷ்யக்காரம்மா சீசாவில் சோப்பைச் சுத்தமாகச் சொன்னார். கண்ணாடியில் பார்த்து, "ஆட்டம் நம்மது மச்சான்!" என்று அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். தட்டிய தட்டில் இவருடைய மேல்வரிசை கையில் வந்து விழுந்தது.

கொஞ்ச நாளில் அதே ரஷ்யக்காரம்மா அழுத கண்ணோடு வந்தார். வாயிலிருந்து செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"டேய், இது நான் இல்லடா" என்றார்.

பல்செட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. விஷயத்தைக் கேட்டார். ரஷ்யக்காரம்மாவுக்குச் சொந்த ஊரில் ஒரே ஓர் அக்கா. கண்பார்வை மங்கியவர், தனியாக இருக்கிறார், வீட்டில் பழைய காலத்துப் போன். தங்கை குரலைக் கேட்பது ஒன்றுதான் அந்த அக்காவுக்கு ஆறுதல். பல் போன பிறகு தங்கை கூச்சப்பட்டுக் கொஞ்சநாள் பேசவில்லை. புதுப் பல் வந்ததும் ஆசையாகக் கூப்பிட்டிருக்கிறார். அக்கா கேட்டுவிட்டு, "நீ என் தங்கச்சி இல்ல" என்று போனை வைத்துவிட்டார். சொந்தக்காரர் மாதிரிப் பேசி வயதானவர்களை ஏமாற்றுகிற கூட்டம் ஒன்று அந்த ஊரில் சுற்றுகிறதாம், ஜாக்கிரதையாக இருங்கள் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்களாம்.

"அம்மா பேரு, நாய் பேரு எல்லாம் சொன்னேன் மச்சான். அதெல்லாம் எவ வேணா தெரிஞ்சுக்கலாம், குரல் எங்கேன்னு கேக்கறா."

"உங்க மக பேசலாமேம்மா? அவங்க குரல் தெரியுமில்ல?"

"பேசினா! அக்கா அவகிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'அடிப்பாவி, உன் வீட்ல உக்காந்திருக்கிறது உன் அம்மா இல்ல. என் தங்கச்சியை அவ என்ன பண்ணான்னு கண்டுபிடி'ங்கறா. எம் மக நேத்துலேர்ந்து என்னை ஒரு மாதிரி பாக்கறா மச்சான்."

டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "புதுப் பல்லுன்னா அப்படித்தான் இருக்கும், பேசப் பேசப் பழகிடும்மா" என்று ஆறுதல் சொன்னார். அது உண்மைதான், எல்லோருக்கும் பழகிவிடும். ஆனால் அக்கா அதுவரை போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கவேண்டுமே. பல்செட்காரர் செட்டை எடுத்து வாயில் வைக்கச் சொல்லி, ரஷ்ய மொழியில் ஏதாவது பேசச் சொன்னார். ரஷ்யக்காரம்மா கடகடவென்று பேசினார். இவருக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. எந்த எழுத்து எங்கே இடிக்கிறது என்று தெரியாமல் எந்தப் பல்லை நகர்த்துவது?

"அப்ப நான் ரஷ்ய பாஷை கத்துக்கறேன்" என்றார். டாக்டரம்மா அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

செல்போனில் பாடம் கிடைத்தது. ஒரு பெண் தேன் குரலில் ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லுவாள், நாம் திருப்பிச் சொல்லவேண்டும். முதல் பாடம் வணக்கம். வணக்கம்தானே, என்ன பிரமாதம் என்று நினைத்து உட்கார்ந்தார். "ஸ்த்ராஸ்துய்த்யே" என்றாள் பாடக்காரி. அடேயப்பா! வணக்கமா அது? மூச்சு வாங்கிக்கொண்டு அவர் "ஸ்த்ரா" என்றார், மேல்வரிசை கழன்றது. மறுபடி மாட்டிக்கொண்டு "ஸ்துய்" என்றார், கீழ்வரிசை எகிறிப்போய், மனைவி தைத்து வைத்திருந்த திரைச்சீலையில் விழுந்தது.

"வணக்கம் சொல்றதுக்கே பல்லு தெறிக்குதுன்னா, அவங்க ஊர்ல சண்டை போட்டா என்னாகும்?" என்றாள் மனைவி, பல்லைத் துணியிலிருந்து எடுத்துக் கொடுத்தபடி.

அங்கேதான் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். வேறு எவனாக இருந்தாலும் நாக்கைப் பழக்குவான். இவர் தொழில் அப்படியில்லையே! உச்சரிப்பு வரவில்லை என்றால் பல் சரியில்லை என்றுதான் அவருக்குத் தோன்றும். ரஷ்ய மொழி பேசுவதற்கென்றே தனக்குத் தனியாக ஒரு பல்செட் செய்துகொண்டார். மேலண்ணத்தில் ஒட்டுகிற தகட்டை மெல்லிசாக்கினார், முன்பல்லைக் கொஞ்சம் உள்ளே தள்ளினார். தகட்டின் உள்பக்கம் முகப்பவுடரைத் தூவி வாயில் வைத்து, "ஸ்பசீபா" என்று நன்றி சொல்லிவிட்டு உடனே கழற்றிப் பார்ப்பார். நாக்கு பட்ட இடத்தில் பவுடர் போயிருக்கும். அதைப் பார்த்துச் சுரண்டுவார், மறுபடி பவுடர், மறுபடி நன்றி. மனைவியின் முகப்பவுடர் டப்பா காலியாயிற்று.

"என் மூஞ்சிக்கு இல்லாத பவுடர் உங்க நாக்குக்கு எதுக்குங்க?"

"ப்ரஸ்தீத்யே" என்றார். மன்னித்துக்கொள் என்று அர்த்தம். மனைவிக்கு அது புரியவில்லை, ஆனால் அந்த வீட்டில் முதல்தடவையாக அவர் மன்னிப்புக் கேட்ட நாள் அது.

பல்லை இறுகக் கடித்துக்கொண்டு 'உ' சொல்லப்போய், பாதியில் மனம் மாறி 'இ' சொன்ன மாதிரி ஓர் எழுத்து இருக்கிறது அந்த மொழியில். அதற்காக மனிதர் பட்ட பாடு! காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் நின்று அந்த ஒற்றை எழுத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். மேல்மாடிக்காரர் வந்து, "சாருக்கு வயித்து வலியா? நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்கார்" என்று விலாசம் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் பொருள்களின் பெயர் வந்தது. மேஜையைத் தொட்டு, "எத்தா ஸ்தோல்" என்பார். ஜன்னலைத் தொட்டு, "எத்தா அக்னோ." இது மேஜை, இது ஜன்னல். இத்தனை வருஷமாக அதே வீட்டில் இருக்கிற மனைவியிடம் இதையெல்லாம் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பாடங்களில் அவர் விழுந்து விழுந்து படித்தது இரண்டே வாக்கியங்கள். "க்தோ எத்தா?" என்றால் யார் அது. "எத்தா யா" என்றால் நான்தான். போனை எடுத்ததும் அக்கா கேட்பது முதலாவது. தங்கை சொல்லி, நம்பப்படாமல் போவது இரண்டாவது.

காது பழகியதும் ரஷ்யக்காரம்மாவை வரச்சொல்லிப் புது மெழுகில் பல் நட்டார். அவர் பேச, இவர் கேட்டு நகர்த்த, பாடக்காரியின் குரலைப் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு வாரம் போனதே தெரியவில்லை. கடைசியில் பாடக்காரியையும் ரஷ்யக்காரம்மாவையும் கண்ணை மூடிக் கேட்டால் வித்தியாசம் தெரியாத அளவுக்கு வந்துவிட்டது. வேகவைத்து, மெருகேற்றி, வாயில் மாட்டிவிட்டு, "இப்பப் பேசுங்கம்மா, பாத்துக்கலாம்" என்றார்.

பின்னறையிலிருந்தே கூப்பிட்டார்கள். ரஷ்யக்காரம்மா போனை எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

"க்தோ எத்தா?" என்று ஒரு கரகரத்த குரல் கேட்டது.

"எத்தா யா" என்றார் தங்கை. பாடத்திலிருந்து வெட்டி எடுத்து வைத்த மாதிரி இருந்தது.

அந்தப் பக்கம் ரொம்ப மரியாதையாக ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டது. பல்செட்காரர் ஆசையோடு ரஷ்யக்காரம்மா முகத்தைப் பார்த்தார்.

"ரேடியோல செய்தி வாசிக்கிற அம்மாவான்னு கேக்கறா. ரொம்ப அழகாப் பேசறீங்களாம். ஆனா இனிமே ஒரு தடவை கூப்பிட்டா போன் லைனையே வெட்டிடுவாளாம்." ரஷ்யக்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "ஆட்டம் முடிஞ்சுது மச்சான். எனக்கு அவளைத் தவிர சின்ன வயசுலேர்ந்து தெரிஞ்சவ யாருமே இல்லடா."

உலகத்தில் எத்தனையோ பேர் இவர் செய்த பல்லால் மென்று தின்றுகொண்டிருக்கிறார்கள், இந்த ஒரு பெண்ணுக்கு ஒரு அக்காவைத் திருப்பித் தர முடியவில்லையே என்று பல்செட்காரர் நினைத்தார். அவருக்கே அழுகை வரும் போலிருந்தது.

மறுநாள் பின்னறையில் ரஷ்யச் செட்டைப் போட்டுக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மருத்துவமனைப் போன் அடித்தது. எடுத்தார்.

"சொல்லுங்க, யார் பேசறது?"

மறுமுனையில் அவர் மனைவி. "மன்னிச்சுக்கங்க சார், நம்பர் மாறிடுச்சு" என்று வைத்துவிட்டாள்.

என்னடா இது என்று இவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். "நான்தான் பேசறேன், எதுக்குக் கூப்பிட்ட?"

"எந்த நான்தான்? வழவழன்னு பேசிட்டா நம்பிடுவேனா? எங்க வீட்டுக்காரரு வந்தார்னா தோலை உரிச்சுடுவாரு!" என்று டொக்கென்று வைத்தாள்.

பல்செட்காரர் தோலை உரிக்கிற ஆளே இல்லை, அது வேறு விஷயம். ரஷ்யச் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தன் பழைய செட்டை மாட்டிக்கொண்டு மறுபடி கூப்பிட்டார். "அடியே, சனியனே, நான்தான்டி!"

"அப்பாடா, நீங்களா! யாரோ ஒருத்தன் உங்க ஆஸ்பத்திரியில உக்காந்துக்கிட்டு என்கிட்ட நைசாப் பேசறான். வரும்போது வெள்ளை நூல்கண்டு வாங்கிட்டு வாங்க."

"அது எப்படி, இப்ப மட்டும் நான்னு தெரிஞ்சுது?"

"நல்லா கேட்டீங்க. நீங்க 'ச' சொன்னா பின்னாடியே குக்கர்ல ஆவி வர்ற மாதிரி ஒரு 'ஸ்ஸ்' வருமே. பல்லு கட்டினதுலேர்ந்து வருதே."

பல்செட்காரர் ஆடிப்போனார். சீசாவில் சோப்பு என்று ஊரையே சொல்லவைத்தவர் தன் வாயில் ஆவி போவது தெரியாமல் இருந்திருக்கிறார். "இத்தனை வருஷமா ஏன்டி சொல்லல?"

"சொன்னா மாத்திடுவீங்களே" என்றாள் மனைவி.

அவர் போனை வைத்தார். பிறகு, செருப்பைக்கூட மாற்றாமல், வேலைச் செருப்போடு ரஷ்யக்காரம்மா வீட்டுக்கு நடையைக் கட்டினார்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. நான் உங்க வாயில பாடக்காரி பல்லை வச்சுட்டேன். உங்க பழைய பல்லு எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லுங்க."

ரஷ்யக்காரம்மா முகம் சிவந்துவிட்டது. "அது வேணாம் மச்சான்."

"போட்டோ இருக்கா?"

இருந்தது, ஒரு பெட்டி நிறைய இருந்தது. குழந்தையாக, பள்ளிக்கூடத்தில், கல்யாணக் கோலத்தில், மகளை மடியில் வைத்துக்கொண்டு. ஒன்றிலாவது வாயைத் திறந்திருக்கவேண்டுமே! எல்லாவற்றிலும் உதட்டைப் பூட்டி வைத்திருந்தார். ரொம்பக் கெஞ்சியபிறகு உண்மை வெளியே வந்தது. மேல்வரிசையில் நடுப்பல் இரண்டுக்கும் இடையே பெரிய சந்து. பேசினால் விசில் அடிக்கும். ஊர்ப் பெண்கள் எல்லாம் கேலி செய்வார்கள். வாழ்நாள் முழுக்க வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசியவர், பேருந்துப் படியில் விழுந்து அந்தப் பல் போனபோது உள்ளூரச் சந்தோஷம்கூடப் பட்டிருக்கிறார்.

"இப்பத்தான்டா நான் அழகா இருக்கேன்" என்றார், குழந்தை மாதிரி.

"அழகாத்தான் இருக்கீங்க. யாரு இல்லேன்னா? ஆனா அக்காவுக்குக் கண்ணு தெரியாதேம்மா. அவங்களுக்கு அந்த விசில்தான் நீங்க."

ரஷ்யக்காரம்மா வெகுநேரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுப்பல்லைக் காட்டி ஒருதடவை சிரித்துப் பார்த்தார். பிறகு செட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "சீட்டைக் கலைச்சுப் போடுடா" என்றார்.

திரும்பவும் மெழுகு. ஆனால் சந்து எவ்வளவு இருக்கவேண்டும்? போட்டோவில் தெரியவில்லை, அவருக்கும் அளவு சொல்லத் தெரியவில்லை. பல்செட்காரர் நடுப்பற்களைக் கொஞ்சம் விலக்குவார், "எத்தா யா சொல்லுங்க, சிஸ்த்ரா சொல்லுங்க" என்பார். சிஸ்த்ரா என்றால் அக்கா தங்கை எல்லாம் ஒன்றுதான். வெறும் காற்று வரும். இன்னும் கொஞ்சம் விலக்குவார். அதிகமாகிப்போய்க் காற்றடைக்கிற பம்பு மாதிரிச் சத்தம் வரும். மறுபடி நெருக்குவார். மூன்றாம் நாள் மத்தியானம், சலித்துப்போய் ஒரு பல்லை மட்டும் இலேசாக வெளிப்பக்கம் திருப்பி வைத்தார்.

"சிஸ்த்ரா" என்றார் ரஷ்யக்காரம்மா. மெல்லிசாக ஒரு விசில் வந்தது.

வந்த அதே நொடியில் அவருடைய வலதுகை தானாக எழுந்து வாயை மூடிக்கொண்டது. கை எழுந்ததை அவரே கவனிக்கவில்லை. பல்செட்காரர் கவனித்தார்.

"அப்படியே இருங்க! அசையாதீங்க! வந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டே அடுப்பைப் பற்றவைக்க ஓடினார். சத்தம் கேட்டு, முன்னறையில் வாயைத் திறந்து படுத்திருந்த ஒருவர் எழுந்து வெளியே ஓடப்பார்த்தார். டாக்டரம்மா அவரைப் பிடித்து உட்காரவைத்தார்.

செட் தயாரானதும் மறுபடியும் எல்லோரும் பின்னறையில் கூடினார்கள். டாக்டரம்மா கைவேலையை நிறுத்திவிட்டு வந்தார், நூல்கண்டு வாங்கிவராததற்குச் சண்டை போட வந்த மனைவியும் நின்றாள். இதுவும் பலிக்காவிட்டால் அந்தப் பக்கம் போன் லைனே இருக்காது. ரஷ்யக்காரம்மா எண்ணை அழுத்தினார்.

"க்தோ எத்தா?"

"எத்தா யா, சிஸ்த்ரா."

பல்செட்காரர் தன் இரண்டு வரிசையையும் சேர்த்துக் கடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு அந்தப் பக்கம் ஒரு கத்தல் எழும்பிற்று. கத்தல் என்றால் சாதாரணக் கத்தலா! ஜன்னல் விளிம்பில் இருந்த வெள்ளை வாய்களெல்லாம் அதிர்ந்தன. ரஷ்யக்காரம்மா எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துப் பதிலுக்குக் கத்தினார். அக்கா குரலை இன்னும் ஏற்றினார், தங்கை அதற்கும் மேலே போனார், ஒவ்வொரு வாக்கியத்திலும் விசில் பறந்தது. பல்செட்காரர் படித்த ரஷ்ய மொழியில் இதில் ஒரு வார்த்தைகூட இல்லை. மேஜையும் இல்லை, ஜன்னலும் இல்லை. திடீரென்று அந்தப் பக்கம் போனை அறைந்து வைக்கும் சத்தம் கேட்டது.

பல்செட்காரர் பக்கத்தில் ஓடிவந்தார். "போச்சாம்மா? இந்தத் தடவையும் தெரியலையா?"

ரஷ்யக்காரம்மா திரும்பினார். முகமெல்லாம் கண்ணீர், மூக்கு சிவந்திருந்தது, மூச்சு இரைத்தது.

"என்ன சொன்னா தெரியுமா அந்தக் கழுதை? 'யாரோ ஒரு திருட்டுப் பொம்பளை உன் பேரைச் சொல்லிக்கிட்டுத் தினம் போன் பண்றா. நீ எங்கடி தொலைஞ்சே? உனக்கு ஒரு தடவையாவது போன் பண்ணணும்னு தோணிச்சா'ங்கறா மச்சான்!"

மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் போனை எடுத்தார்.

"எல்லாரும் வெளியே போங்கடா" என்றார். "நான் இன்னும் அவளுக்குப் பதில் சொல்லி முடிக்கல."